ஹாலஜன் பல்பும் சைக்கிள் மணியும்

திருமலைராயன்பட்டினத்தில் கார் லைட் வேலை பார்த்தவர் அவர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். என் அம்பாசடருக்கு ஹாலஜன் பல்பு மாட்டியதும், காரை விழிதியூர் சாலையில் இருட்டில் நிறுத்தச் சொன்னார். பிறகு விளக்கில்லாத தன் சைக்கிளில் ஏறினார். எந்த வண்டிக்கும் இப்படித்தானாம்.

“எதிர்ல வர்றவனுக்கு எப்படி இருக்குன்னு பாக்கணுங்க. கண்ணு கூசுனா மணி அடிக்கிறேன். கால்கிட்ட இருக்கிற டிம் சுவிட்ச மிதிச்சிடுங்க.”

அவர் தூரம் போய்த் திரும்பி வரும் நேரத்துக்கு விளக்கைப் போட்டேன். சாலை பாலாக விரிந்தது. வயல் பனியும் பூச்சிகளும் அதில் மிதந்தன. நான் சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனவில் கேட்பதுபோல மணி கேட்டது. சைக்கிள் வயலுக்குள் விழுந்த பிறகுதான் சுவிட்சை மிதித்தேன்.

சேறு வழிய ஏறி வந்தவர் கோபப்படவில்லை.

“நல்ல பல்புங்க. எல்லாம் தெரிஞ்சிருக்கும். நான் ஒருத்தன்தான் தெரியல, இல்லீங்களா?”

விளக்கோரத் திருகாணியைத் திருப்பி வெளிச்சத்தைத் தாழ்த்திவிட்டு, மறுபடி சைக்கிளில் ஏறி இருட்டுக்குள் போனார்.

இப்போதைய காரில் அந்த சுவிட்ச் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் எதிரே யாராவது வந்தால், மணி கேட்பதற்கு முன்பே என் இடது கால் அதைத் தேடுகிறது.