ராய்லி அத்தையின் இழுப்பறை

பிர்ச் மரங்கள் முழுசாக இலை விட்டதும், ராய்லி அத்தை குவோப்பியோ நகர வீட்டின் குளியலறை அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு மருந்தையும் மூக்குக்கு நேராகப் பிடித்துத் தேதி பார்ப்பாள். நாள் கடந்ததை எல்லாம் ஒரு பையில் போடுவாள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து பார்த்துவருகிறேன். அந்தப் பை ஒருமுறைகூடக் குப்பைக்குப் போனதில்லை. காது உடைந்த கோப்பையும் ஸ்பிரிங் போன சோபாவும் மாமாவின் கிழிந்த சட்டையும் போன இடத்துக்கே அதுவும் போகும். "ஏரி வீட்டுக்கு இது போதும்" என்பாள்.

எங்கள் பக்கம் எல்லோருடைய கோடைக்கால ஏரி வீடும் அப்படித்தான். நகர வீட்டில் வேலை செய்து களைத்த சாமான்கள் ஓய்வுபெற்று வந்து உட்காரும் இடம். ஆனால் இருமல் மருந்துக்கும் ஓய்வூதியம் கொடுத்தவள் என் அத்தை ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அத்தை நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அதனால் யாருடைய உடம்பையும் அவள் ஒரு பேருந்தாகவே பார்க்கிறாள். சளி பிடித்தவனிடம், "இது ரெண்டு ஸ்டாப்புல தானா இறங்கிடும்" என்பாள். எதிர்த்துப் பேசினால், "கதவு சாத்தியாச்சு." அதற்கு மேல் பேச்சில்லை.

ஏரி வீட்டுச் சமையலறையின் நடு இழுப்பறைதான் அவளுடைய மருந்தகம். பெட்டிகள் இடத்தை அடைக்கின்றன என்று முதல் நாளே அவற்றைக் கழற்றிவிடுவாள். உள்ளே மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதங்கள் சௌனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பைப் பற்றவைக்கப் போகும். "பிர்ச் பட்டைகூட இவ்வளவு சுருக்கா பத்தாது. என்னமா நைஸ் பேப்பர்!" என்று மருந்துக் கம்பெனிகளை மனதாரப் புகழ்வாள். மிஞ்சுவது நிறம்தான். சிவப்பு இடுப்புக்கு, வெள்ளை தலைக்கு. பச்சையை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. அது எதற்கென்று மறந்துவிட்டது.

"எது எதுன்னு எப்படி அத்தை தெரியும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"படிச்சவளே, நீ படிக்கிறது முங்கிப்போன கப்பலைப் பத்தி. என் இடுப்புல கப்பல் ஏதாவது முங்கினா உன்னைத்தான் கூப்பிடுவேன்."

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்தப் பதிலுக்கு எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். அவள் சொன்னது சரி என்று சிரித்தேனா, வேடிக்கையாக இருந்ததென்று சிரித்தேனா என்று இன்னும் விளங்கவில்லை.

போன கோடையில் என்சியோ மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. விறகு பிளந்த வினை. அதோடு, மழையில் வலை இழுத்ததில் சளியும் சேர்ந்தது. மாமா வசந்த காலத்திலிருந்து இதயத் துடிப்புக் கோளாறுக்காக, இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டுவந்தார். மருத்துவர் எழுதிக் கொடுத்தது. ஒரு நாளும் தவறியதில்லை. அத்தை அதில் கைவைக்கவில்லை. அதன் மேல், காலையிலும் மாலையிலும் ஒரு சிவப்பு மாத்திரை கொடுத்தாள். படுக்குமுன் வெந்நீரில் எலுமிச்சைப் பொடி கலந்த ஒரு கோப்பை.

"அந்த இதய மாத்திரையோட இதெல்லாம் சாப்பிடலாமா?" என்றேன்.

"அது நெஞ்சுக்கு. இது இடுப்புக்கு. ரெண்டும் வேற வேற ரூட் பஸ்சு. எங்க போயி மோதிக்கப் போவுது?"

"அந்தப் பொடி?"

"அது ஜூஸுடி!"

மாமா பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. பிரஷ் கெட்டி என்று அத்தை அதைத் தூக்கி எறிந்து புதிது வாங்கினாள். புதிதிலும் வந்தது. இப்போதெல்லாம் யாருக்கும் பிரஷ் செய்யவே தெரியவில்லை என்றாள். சனிக்கிழமை சௌனாவுக்கு மறுநாள், மாமாவின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலத் திட்டுகள். இதற்குக் குற்றவாளி ஆயத்தமாக இருந்தார். எதிர்க்கரைத் தைஸ்தோ.

தைஸ்தோ சனிக்கிழமை தவறாமல் படகு வலித்து வருபவர். அவரும் மாமாவும் சௌனா மேற்பலகையில் உட்கார்ந்து, சௌனா வழக்கப்படி ஈரப் பிர்ச் இலைக்கட்டால் ஒருவர் முதுகை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். இருவரும் பேசி நான் கேட்டதில்லை. அந்த அடிதான் பேச்சு.

அத்தை படகுத்துறைக்குப் போய், ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏய் தைஸ்தோ! மனுஷனை அடிச்சியா, கம்பளத்தை அடிச்சியா? முதுகு பூரா கன்னிப்போயிருக்கு! இனிமே என் சௌனாப் பக்கம் வந்தே, அதே கட்டால உனக்கு விழும்!"

எதிர்க்கரையில் அவர் நின்று கேட்டார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை, அந்தத் திட்டுகளுக்குக் களிம்பு வாங்க அத்தை கிராமத்து மருந்தகத்துக்குப் போனாள்; கூட நானும். கவுண்டரில் ஹென்னா என்ற மருந்தாளர். களிம்பைக் கையில் எடுத்தவள் கொடுக்காமல் நின்றாள்.

"அவர் வேற என்ன சாப்பிடறார், ராய்லி?"

"ஒண்ணுமில்ல. டாக்டர் குடுத்த மாத்திரை. வலிக்குச் சிவப்பு. அப்புறம் ஜூஸ்."

"என்ன ஜூஸ்?"

"எலுமிச்சை. பாக்கெட்டுல வரும்ல, சூடா குடிக்கிறது."

ஹென்னா களிம்பைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். "வீட்டுல இருக்கிறது எல்லாத்தையும் கொண்டுவாங்க. அவரையும். இப்பவே."

அத்தை சொன்னபடி செய்பவள். எல்லாத்தையும் என்றால் எல்லாத்தையும்: இழுப்பறையை அப்படியே உருவி, மாமாவின் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கவுண்டரில் அதை இறக்கியபோது, வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஹென்னா ஒவ்வொன்றாக எடுத்தாள். "இது கண்ணுக்குப் போடறது. கல்லாயிடுச்சு. இது... நாய்க்குப் பூச்சி மருந்து."

"முஸ்தியோடது. அது செத்துப்போச்சு, பாவம்."

"இதைச் சாப்பிட்டா?"

"சேச்சே, வயசாயி."

லேபிள் இல்லாத ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "இது பூட்ஸுக்குப் போடற மெழுகு, ராய்லி."

"அதான் என் குதிகால் வெடிப்புக்கு அவ்ளோ நல்லாக் கேட்டுச்சு!"

வரிசை சிரித்தது. எலுமிச்சைப் பாக்கெட்டை எடுத்ததும் ஹென்னா சிரிப்பை நிறுத்தினாள். "இது ஜூஸ் இல்ல. உள்ள ஆஸ்பிரின் இருக்கு. இந்தச் சிவப்பு ஐபுபுரோஃபென். டாக்டர் குடுத்தது ரத்தம் உறையாம இருக்க. இது மூணும் சேர்ந்தா எங்க வேணாலும் ரத்தம் கசியும். ஈறுல, தோலுக்கு அடியில, வயித்துக்குள்ள."

"அது வேற ரூட்டு, இது வேற..."

"எல்லாம் ஒரே ஸ்டாண்டுலதான் வந்து நிக்குது, ராய்லி." அப்போதே சுகாதார நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

அத்தை "கதவு சாத்தியாச்சு" என்று சொல்லவில்லை. மாமாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரிசெய்தாள்.

மாமாவின் வயிற்றுக்குள் கசிவு தொடங்கியிருந்தது. சீக்கிரம் வந்ததால் பிழைத்தார் என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலித்தால் பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவுக்கு. புதிதாக எதை வாங்கினாலும், அது பொடியோ தைலமோ, முதலில் கேட்டுவிட்டு. மாமா இவ்வளவுக்கும் ஒன்றுதான் சொன்னார்: "ஜூஸ் நல்லாத்தான் இருந்துச்சு."

வீடு வந்த அன்று சாயங்காலம் இன்னொன்றும் சொன்னார். "தைஸ்தோ அடிக்கல, ராய்லி."

"தெரியும்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை."

"சொல்றேங்கறேன்ல!"

மறுநாள் அத்தை படகை அவிழ்த்தாள். என்னையும் பின்பலகையில் உட்காரவைத்துக்கொண்டாள். தைஸ்தோ தன் துறையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். படகு வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

"மீன் கிடைக்குதா?" என்றாள் அத்தை.

"கொஞ்சம்."

"தண்ணி இறங்கியிருக்கு."

"ஆமா."

வலை ஊசியைப் பிடித்தபடி அவர் காத்திருந்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள்.

"மழை வரும்போல" என்று படகைத் திருப்பிவிட்டாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"அத்தை, மன்னிப்பு?"

"இன்னிக்கு இல்ல."

ஆனால் துடுப்பு வலிப்பவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் முன்னே போக முடியும். ஏரியைக் கடக்கும் அவ்வளவு நேரமும், துறையில் அசையாமல் நிற்கும் தைஸ்தோ அத்தையின் கண்ணுக்கு நேராகவே இருந்தார். நடு ஏரியில் அவள் ஒரு துடுப்பை விட்டாள். தன் தொப்பியைக் கண் மறைய மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடியும் வலிக்கத் தொடங்கினாள்.