சேர்த்துக்கொள்ளப்படாத கார்டு

எங்கள் வீட்டு மேசைக் கணினியின் இயங்குதளத்துக்குக் கொழுப்பு அதிகம். திரையில் படம் வரவைக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளில் எதோடு பேசலாம், எதோடு பேசக் கூடாது என்று அதைச் செய்த கம்பெனியே முடிவுகட்டி வைத்திருக்கும். அந்தக் கூட்டத்தில் இல்லாத கார்டைச் செருகினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வேறு இயங்குதளத்துக்கு மாறித் தொலையேன் என்று பலர் சொன்னார்கள். நான் அனிமேஷன் கற்றதும் சென்னையில் வேலை பார்த்ததும் இதில்தான். என் கைக்குப் பழகிய மென்பொருள் வேறெதிலும் ஓடாது. ஆகவே நான் மாறுவதாக இல்லை.

கணவருக்கு வுங் டாவ் என்ற ஊர்ப் பக்கம் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. அதற்காகத்தான் சைகோன் வந்தோம். ஒரு வருடம் நான் வேலையை விட்டிருந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன். அந்த ஒரு வருடம் நீண்டுகொண்டே போனது. நாங்கள் குடியிருக்கும் பூ மி ஹங் பகுதியில் மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றி இறக்கியே காலம் ஓடி, அவளும் கல்லூரிக்கென்று கோயம்புத்தூர் போய்விட்டாள்.

அப்போதுதான் பழைய தோழி ஒருத்தி எழுதினாள். முன்பு எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், இப்போது சென்னையில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். ஒரு சோதனைக் காட்சி கொடுத்தாள். கொட்டும் மழையில் பஸ்ஸைவிட்டு இறங்கும் பெண் குடையை விரிக்கிறாள், அவ்வளவுதான். மாதக் கடைசிக்குள் அனுப்பு, பிடித்திருந்தால் சேர்த்துக்கொள்கிறேன், இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பச்சையாகவே எழுதியிருந்தாள். இதைக் கோட்டைவிட்டால் இன்னொருவர் கூப்பிடப் போவதில்லை என்று நன்றாகத் தெரியும்.

மழைதான் வில்லன். ஒவ்வொரு சொட்டையும் கணக்குப் போட்டு வெளிச்சம் கொடுத்துப் படமாக்க வேண்டும். என் பழைய கார்டு பத்துச் சொட்டுக்கே மூச்சு வாங்கியது. இயங்குதளம் மதிக்கும் கார்டு எதுவும் அப்போது ஊரில் கண்ணில் படவில்லை. மூடப்போகும் கணினி விளையாட்டு மையம் ஒன்றில் ஒரு நல்ல கார்டு விலைக்கு இருந்தது. ஆனால் என் இயங்குதளம் அதைச் சேர்த்துக்கொள்ளாது. "கோம் ஸாவ்" என்றார் மையத்துக்காரர். பரவாயில்லை என்று அர்த்தம். இந்த ஊரில் மழைக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் சொல்லும் அதே பரவாயில்லைதான். தன் கணினியில் மாட்டி ஓட்டிக் காட்டினார், ஜோராக ஓடியது.

வழி இருந்தது. அந்தக் கார்டுக்குக் கூடப்பிறந்த மாதிரி இன்னொரு கார்டு உண்டு. அதை இயங்குதளம் ஏற்கும். கணினி விழிக்கும்போது ஓடும் சின்ன நிரலில் கார்டின் அடையாள எண்ணை மாற்றி எழுதிவிட்டால் போதும். மாப்பிள்ளையின் தம்பி என்று சொல்லிக்கொண்டு கல்யாணப் பந்தியில் உட்காருவது போலத்தான். எழுதி வைத்துவிட்டேன்.

கார்டை மையத்திலிருந்து வாங்கிவந்தது கணவர். மறுநாள் அவர் கடலுக்குக் கிளம்ப வேண்டும்.

"நானே மாட்டிக் கொடுத்துட்டுப் போறேன். ராகு காலம் முடியட்டும்."

"கடல்ல எண்ணெய் எடுக்கிற இன்ஜினியருக்கு ராகு காலமா?"

"அங்கயும் பார்த்துட்டுத்தான் கை வைக்கிறேன்" என்றார், சிரிக்காமல்.

ஸ்க்ரூட்ரைவர் என்றால் என்னைத் தொடவிட மாட்டார். மாட்டி, மூடி, திருகி, பெட்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கடலுக்குக் கிளம்பினார். பொத்தானை அமுக்கினேன். மின்விசிறிகள் சுற்றின. திரை கன்னங்கரேலென்று இருந்தது.

அடையாள எண்ணில்தான் தப்பு என்று நினைத்தேன். எண்ணை மாற்றினேன். முன்பின்னாகத் திருப்பிப் போட்டேன். பழைய கார்டைப் பக்கத்துச் செருகியில் வைத்து எட்டிப் பார்த்தால், புதிய கார்டு இருப்பதாகவே கணினிக்குத் தெரியவில்லை. இணைய மன்றங்களில் உலகமே கூடி ஆளுக்கொன்று சொன்னது. சொன்னதையெல்லாம் செய்தேன். பிழைத்திருந்த பழைய கார்டும் கோபித்துக்கொண்டு பாதி நிறத்தில் படம் காட்டியது. மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இயங்குதளத்தை உருவாக்கியவர்களை, அவர்கள் பரம்பரையை, மையத்துக்காரரை, எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். வேலைக்குத் திரும்ப எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று ஒரு மதியம் தரையில் உட்கார்ந்து நிஜமாகவே நம்பினேன்.

கணினிப் பக்கம் போனால் ஏதோ கோயில் வாசனை வேறு. பௌர்ணமியும் அமாவாசையும் வந்தால் எங்கள் அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு வாசலில் ஊதுபத்தி ஏற்றுவார்கள், அந்தப் புகைதான் உள்ளே வருகிறதென்று ஜன்னலை மூடினேன். மூடிய பிறகும் வாசனை போகவில்லை. பெட்டிக்குள்ளிருந்துதான் வந்தது. திருகைக் கழற்றி கார்டை வெளியே இழுத்தேன். அதன் அடிவிளிம்பில், கணினியோடு பேசுவதற்காகப் பல்வரிசை போல இருக்கும் தங்க நிறப் பட்டைகளின் மேல், அதே நிறத்தில் காய்ந்து போன சந்தனம்.

வுங் டாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏங்க, கார்டை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலயே. மாட்டினேன்."

"மாட்டுறதுக்கு முன்னாடி?"

"வர்ற வழியில டவுன்ல இறங்கி நம்ம முருகன் கோயிலுக்குப் போனேன். புதுச் சாமான் இல்லையா. ஒரு சந்தனப் பொட்டு வச்சேன். உன் வேலை நல்லபடியா முடியணும்னுதான்."

"எங்க வச்சீங்க?"

"தங்கமாட்டம் மின்னுச்சே ஓரத்துல. அதுதான் முகம்னு நினைச்சேன். ஏன், வண்டி வாங்கினா ஹேண்டில்பார்ல வைக்கிறதில்லையா?"

"ஹேண்டில்பார்ல வைப்பீங்க. பெட்ரோல் டேங்க்ல கரைச்சு ஊத்துவீங்களா?"

வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு சிரிப்பு வந்தது. முருகனிடம் எனக்காக வேண்டிக்கொண்ட மனிதரை அதற்கு மேல் என்ன திட்டுவது? மகள் விட்டுப்போன ரப்பரை எடுத்துப் பட்டைகளைப் பதமாக அழித்து அழித்துத் துடைத்தேன். செருகிக்குள் ஒட்டியிருந்த தூளைத் தூரிகையால் தட்டினேன். நிரலில் முதன்முதலாக எழுதியதை அப்படியே திரும்பப் போட்டேன். பொத்தானை அமுக்கியதும் திரை பளிச்சென்று விழித்தது. பந்தியில் உட்கார்ந்தாயிற்று.

அதன் பிறகு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சைகோன் மழைக்கு என்ன குறைச்சல்? சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டது மாதிரி ஊற்றும். ஜன்னலில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தார் ரோட்டில் சொட்டு தெறிப்பதும் விளக்கு வெளிச்சம் அதில் உடைவதும் அச்சு அசலாக வந்தன. கடைசி நாளில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தோழியின் பதில் வந்தது. "மழை பிரமாதம். கை பொய். குடை விரிந்ததும் காற்று இழுக்குமே, அந்த இழுப்பு மணிக்கட்டில் இல்லவே இல்லை. உங்கள் ஊரில் யாரும் குடை பிடிப்பதில்லையா? திருத்தி வியாழக்கிழமைக்குள் அனுப்பு."

சுருக்கென்றது. யார் இங்கே குடை பிடிக்கிறார்கள்? ஊரே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறக்கிறது. சூடாக ஒரு பதில் எழுதத் தொடங்கி, அவள் எழுதியதை மறுபடி படித்தேன். பிடித்திருக்கிறது என்றும் இல்லை, பிடிக்கவில்லை என்றும் இல்லை. வியாழக்கிழமைக்குள் என்று இருந்தது. கூட வேலை பார்ப்பவளுக்குத்தான் இப்படி எழுத முடியும். இத்தனை வருடத்தில் என் சமையலில் குறை சொன்னார்கள், பிள்ளை வளர்ப்பில் சொன்னார்கள், நான் செய்த வேலையில் குறை சொல்ல ஒரு ஆள் இல்லாமல் இருந்தது. மேசையில் தலையை வைத்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மகளின் பழைய குடையைத் தேடி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நல்ல மழை. வாசல் காவலாளி பதறிப்போய் ஒரு மழைக்கோட்டை நீட்டினார். வேண்டாம், எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, காற்று அடிக்கும் திசையாகப் பார்த்துக் குடையை விரித்தேன்.