விசாலம்னு கூப்பிடுவீங்க

என் வீட்டுக்காரருக்கு நான் ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்தேன். மூளையில் இருந்த கட்டியை எடுத்து, தையல் காய்வதற்குள்... பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது. உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பாதிச் சொல் போயிருந்தது. தண்ணீரைச் சாவி என்பார். தட்டைச் செருப்பு என்பார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னிடம் சொன்னாள்: "பழசெல்லாம் நீங்கதாம்மா எடுத்துக் குடுக்கணும். நீங்க சொல்றதுதான் இனி அவருக்கு ஞாபகம்."

இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டே சொன்னேன். மாமனார் பேர், கீழ்பென்னாத்தூர் நிலம், மகளுக்குக் காது குத்தினது... எல்லாம் நிஜம்.

ஒருநாள் கேட்டார். "உன்னை இன்னான்னு கூப்பிடுவேன்?"

நாற்பத்தாறு வருஷமாக "இந்தாமே"தான். ஒரு நாளும் பேர் சொன்னதில்லை. சொல்லுங்கள் என்று நானும் கேட்டதில்லை. கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு எதிலுமே கிடையாது.

"விசாலம்னு கூப்பிடுவீங்க," என்றேன். வாய் கூசவில்லையே எனக்கு...

ஒரு வாரம் திணறினார். "விசா... விசா..."

"அடுத்து பாஸ்போர்ட்டும் கேப்பீங்க போல."

கோணிய வாயோடு சிரித்தார். பிறகு முழுசாக வந்துவிட்டது. அவர் கூப்பிட்டால் உடனே போகமாட்டேன். இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று அடுப்படியிலேயே நிற்பேன்.

போன மாசம் தலை துவட்டும்போது, "இந்தாமே, மெதுவா," என்றார். சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது.

"தப்பா வந்துட்ச்சு. உன்னை அப்டியா கூப்பிடுவேன்? மறுபடியும் கட்டி வந்துட்ச்சா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? "வாய் தவறிடுச்சுங்க, விடுங்க," என்றேன்.

அவர் விடவில்லை. டாக்டரிடம் தானே சொன்னார்: "இவளை மட்டமா கூப்பிட்ட மாதிரி ஒரு ஞாபகம் வருது சார். நடக்கவே நடக்காதது."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

ஆமாம், நடக்காததுதான் என்று தலையாட்டினேன். ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் அவருக்குப் பயம் போகவில்லை. "அப்ப அந்தச் சொல்லு எங்கேந்து வருது, விசாலம்?" என்று தினமும் கேட்கிறார்.

நான் அவர் தலையை மடியில் வாங்கி, தையல் தடத்தை நீவிவிடுகிறேன்.