முதல்வரின் திங்கட்கிழமைப் பேச்சு

பள்ளி நூலகர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் அந்த நூலகர் அம்மாளின் மனத்தில் பதிந்தது ஒன்றே ஒன்றுதான்: பள்ளி முதல்வரின் நம்பிக்கை இல்லாவிட்டால் நூலகம் நிலைக்காது. மற்றவற்றையெல்லாம் தாமாகவே படித்துக் கற்றுக்கொண்டவர் அவர். இதையும் அப்படியே, முறையாக, ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார்.

புதிய முதல்வர் வந்த சமயத்தில் நூலக வகுப்பு கால அட்டவணையில் பெயருக்குத்தான் இருந்தது. அந்த நேரத்தைக் கணக்கு ஆசிரியர்கள் விழுங்கியிருந்தார்கள். போய் முறையிட்டார். "பாக்கலாம்மா" என்ற பதிலோடு திரும்பினார். அதே முதல்வர் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் மைக்கின் முன் திருதிருவென்று விழிப்பதையும் கவனித்தார். அறைக்குள் புலி, கூட்டத்தைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த திங்களன்று முதல்வரின் மேசையில் அரைத்தாள் ஒன்று கிடந்தது. நல்லதாக ஒரு சிறு பேச்சு. எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. முதல்வர் அதைப் பார்த்துப் பேசினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த வாரமே நூலக வகுப்பு நூலகத்துக்குத் திரும்பி வந்தது.

அதன்பிறகு ஒரு திங்கள்கூடத் தவறவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவருடைய கணவர் கேலி செய்வார்.

"உன் வாயை அந்த மனுஷனுக்கு வாடகைக்கு விட்டிருக்க. வாடகை ஒழுங்கா வருதா?"

"என் ரூம் என் கையில இருக்கே, அது போதாதா?"

தரைத்தளத்தின் மூலையில் இருந்தது அந்த அறை. சின்னப் பிள்ளைகளுக்கும் எட்டும்படி அலமாரிகளின் கால்களை அறுத்துக் குள்ளமாக்கியிருந்தார். மதிய இடைவேளையில் ஜன்னலடித் தரையில் உட்கார இடம் கிடைக்காது. ஒரே தொல்லை, அடுத்த அறையிலிருந்த பி.டி. மாஸ்டர். அவருடைய பந்துகள் சுவரில் மோதும் ஒவ்வொரு முறையும் நூலகருக்குத் தலையில் மோதியது போலிருக்கும். வருஷக்கணக்கான சண்டை அது.

ஒருநாள் முதல்வர் கூப்பிட்டார்.

"அம்மா, கம்ப்யூட்டர் ஹால் வைக்கக் கீழ்த்தளத்துல ஒரு ரூமைக் காலி பண்ணணும். ஸ்டாஃப் மீட்டிங்ல சொல்லப்போறேன். யாரும் மூச்சுக் காட்டாத மாதிரி எழுதிக் குடுங்க."

"எந்த ரூம் சார்?"

"இப்ப வேணாம்மா, பேச்சு வெளிய போயிடும்."

கீழே பெரிய அறைகள் இரண்டே. ஒன்று மாஸ்டருடையது, மற்றது தம்முடையது; காலியாவது தம்முடையதாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனை காலம் பாடுபட்டுச் சம்பாதித்த நம்பிக்கை அவர் கண்ணைக் கட்டியிருந்தது. மாஸ்டரின் முகத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு எழுதினார். இதுவரை எழுதியவற்றிலேயே அதுதான் கூர்மையானது.

கூட்டத்தில் முதல்வர் எழுந்தார். "இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது பணி அல்ல." சிவப்புக் கோடு; மூச்சு. "இடம் கொடுப்பதே பணி. இதற்கு முணுமுணுப்பவர் தம் நாற்காலியை நேசிக்கிறார், மாணவரை அல்ல." மறுபடியும் மூச்சு. நூலகர் ஓரக்கண்ணால் மாஸ்டரைப் பார்த்தார். மனுஷர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகவே, நூலகம் மாடிப்படிக்குக் கீழே மாற்றப்படும்."

அறை முழுவதும் நூலகர் பக்கம் திரும்பியது. வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் முணுமுணுப்பு. எப்படிச் சொன்னாலும் நாற்காலி ஆசை. தப்பிக்க ஒரு சந்துகூட இல்லாமல் அடைத்தவர் அவரேதான். மூடிக்கொண்டார்.

மாஸ்டர் பக்கத்தில் குனிந்து சொன்னார்: "மனசுல வெச்சுக்காதீங்க மேடம். ஆனா என்னமா எழுதியிருக்காரு, பாத்தீங்களா?"

வீட்டில் கணவர் அன்று கேலி செய்யவில்லை.

"திங்கக்கிழமை எழுதாத. மைக் முன்னாடி நிக்கட்டும். அப்பத் தெரியும் நீ யாருன்னு. ரூம் தானா திரும்பி வரும்."

அந்த ஒரு நம்பிக்கைதான் மிச்சமிருந்தது. படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில், அலமாரிகளை நிறுத்தினார். குள்ளமாக்கியது அங்கே கச்சிதமாகப் பொருந்தியது, அதுவும் வயிற்றெரிச்சல்.

திங்கள் காலை மேசையில் தாள் வைக்கவில்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று காத்திருந்தார். முதல்வர் மைக்கின் முன் வந்தார். சட்டைப்பையிலிருந்து மடிந்து நைந்த அரைத்தாள் ஒன்றை எடுத்தார். முதல் வாக்கியத்திலேயே நூலகருக்குப் புரிந்துவிட்டது: மூன்றாம் வருஷத்தில் எழுதிய பேச்சு. நன்றி மறவாமை பற்றியது. கோடு போட்ட இடத்திலெல்லாம் சரியாக மூச்சு விட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கலைந்து போகும்போது முதல்வர் அவரருகே நின்றார். குரலில் உண்மையான கரிசனம் இருந்தது.

"உடம்பு முடியலையாம்மா? பரவால்ல, அலட்டிக்காதீங்க. பழசெல்லாம் பத்திரமா வெச்சிருக்கேன்." நிறுத்தி, மூச்சு விட்டு, முடித்தார்: "நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் தாராளமா வரும்."