ஷேடு சேராத விண்மீன் திரள்கள்

விண்மீன் திரள்களை ஆராய்கிறேன் என்று திருப்பூரில் சொன்னால், "அதுல எக்ஸ்போர்ட் உண்டுங்களா?" என்று கேட்பவர்கள்தான் என் சொந்தக்காரர்கள். "இம்போர்ட் மட்டுந்தானுங்க, வெளிச்சம் வருது" என்று நானும் சளைக்காமல் சொல்வேன். அவிநாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியர் நான். ஒரு விண்மீன் திரளின் நிறத்தை அளந்து, அதிலுள்ள விண்மீன்களின் வயதைக் கணிப்பது என் ஆராய்ச்சி. இளசுகள் நீலம், கிழடுகள் சிவப்பு. மேலோட்டமாகச் சொன்னால் அவ்வளவுதான்.

என்னிடம் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் படித்த பெண்மணிக்கு என்னைவிட மூன்று வயதுதான் குறைவு. ஒரு பனியன் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. ஆறு நாள் அங்கே துணியின் ஷேடு, அதாவது சாய நிறம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை என் அறையில் விண்மீன் திரள்களின் நிறம் பார்ப்பார். அவருடைய பதிவுக்காலம் ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. எட்டு நாளில் ஆய்வுக்குழு கூடி, தொடரலாமா வேண்டாமா என்று சொல்லிவிடும். வேண்டாம் என்றால் இத்தனை வருட உழைப்பும் அதோடு சரி.

அந்த ஞாயிறு மதியம் அவருடைய பட்டியலைச் சரிபார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது விண்மீன் திரள்களைக் காணோம்.

"எங்கே போச்சு?"

"மத்ததோட ஷேடு சேரலீங்க சார். தனியா எடுத்து வெச்சுட்டனுங்க."

"இது என்ன பனியனா, சேரலைன்னா கழிச்சுக்கட்ட?"

கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும்; கல்லூரிக்கே தெரியும். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அசரவில்லை.

"நாங்க எதையும் கழிக்க மாட்டோமுங்க சார்" என்று இன்னொரு கோப்பைத் திறந்தார். ஷேடு சேராத துணியைக் கம்பெனியில் தனிக்கட்டாகக் கட்டி, எந்தச் சாயத்தொட்டியில் முக்கியது, என்ன கோளாறு என்று சீட்டு எழுதி ஒட்டுவார்களாம். அப்போதுதான் தப்பு எங்கே நடந்தது என்று பிடிக்க முடியும். அதேபோல அந்த நாற்பதுக்கும் வரிசையாகக் குறிப்பு எழுதியிருந்தார். ‘ரொம்பச் சிவப்பு. ஓரத்தில் கொஞ்சம் நீலம்.’ பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வரைபடத்தப் பாத்துட்டு, கோடு புடிச்ச மாதிரி வந்திருக்குதுன்னு சந்தோசப்பட்டீங்க சார். அதான் சரியாத்தான் செஞ்சிருக்கறேன்னு நெனச்சுட்டனுங்க."

உண்மைதான். எதை எடுத்தார், எதை விட்டார் என்று ஒரு வார்த்தை கேட்காமல், அந்த வரைபடத்தைத் துறை முழுக்கக் காட்டிப் பெருமையடித்தவன் நான். வெட்கமாக இருந்தது.

தன் குறிப்புகளை மறுபடி புரட்டிக்கொண்டே அவரே கேட்டார். "ஏனுங்க சார், இதுகளையே வேற வெளிச்சத்துல எடுத்த படம் கெடைக்குங்களா? கம்பெனியில ஷேடு பாக்கறதுக்குன்னே ஒரு பெட்டி, அதுல ரெண்டு லைட்டு இருக்குதுங்க. ஒரு லைட்டுல ஒண்ணா இருக்கற துணி, இன்னொண்ணுல வேற வேறயாத் தெரியுமுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தூசு! தூசுக்குப் பின்னால் இருந்தால் இளம் விண்மீனும் சிவப்பாகத்தான் தெரியும். வருடாவருடம் வகுப்பில் இதை நான் நடத்துகிறேன். அகச்சிவப்பு ஒளி தூசை ஊடுருவி வந்துவிடும். அந்தப் படங்களும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் கிடக்கின்றன.

ஷிப்மென்ட் நேரத்தில் நான்கு நாள் லீவு கேட்டதற்கு அவருடைய மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். ஆனாலும் வந்தார். ஒவ்வொன்றாக அளந்தோம். சனிக்கிழமை கணக்கு முடிந்தபோது, ஒதுக்கி வைத்ததில் பாதிக்கு மேல் கிழடே இல்லை. தூசுக்குள்ளே விண்மீன்கள் இன்னும் பிறந்துகொண்டிருந்தன. நான் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

திங்களன்று குழுவின் முன்னால் தன் தவறைத்தான் அவர் முதலில் காட்டினார். குழுவில் மூத்தவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இத்தனையை ஒதுக்கும்போது வழிகாட்டி என்ன பண்ணிட்டிருந்தார்?"

என் மாணவி தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்தேன்.

"பாராட்டிட்டு இருந்தேனுங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு மணி நேரம் கேள்வி மேல் கேள்வி. தூசு பற்றிய கேள்விக்கெல்லாம், நான் வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாக அவர் பதில் சொன்னார். எங்களை வெளியே அனுப்பியபோது நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். என் பட்டத்துக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

கால்மணி நேரத்தில் அலுவலக உதவியாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். வராந்தாவில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று படித்தார். பிறகு ஜன்னலோரம் போய், வெயிலில் பிடித்து மறுபடியும் படித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க போட்டிருக்கு?"

"தொடரலாம்னு போட்டிருக்குதுங்க சார்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டு வெளிச்சத்துலயும் பாத்துட்டனுங்க."