வலென்சியாவுக்கு இரண்டு டிக்கெட்

1. செவ்வாய்க்கிழமை

எடிசன் என்ற ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு சேலைக் கடைக்கும் இனிப்புக் கடைக்கும் நடுவில் எங்கள் டிராவல் ஏஜென்சி இருந்தது. நான் அங்கே டிக்கெட் போடுகிறவள். சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடுவேன். 2008 மார்ச்சுக்குத்தான் முதல்முறையாக ஸ்பெயினில் இருக்கும் வலென்சியாவுக்கு இரண்டு டிக்கெட் போட்டிருந்தேன். மத்தியதரைக் கடலோரம் இருக்கும் ஊர். நான் போனதில்லை. போகாத ஊருக்கு வழி சொல்வதுதானே எங்கள் பிழைப்பு.

டிக்கெட் மெஹருன்னிசாவுக்கும் அவள் கணவர் ஜாபர் பாய்க்கும். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு. ஜாபர் பாய் மருந்துக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். மெஹருன்னிசா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். ஜனவரியில் புக் பண்ண வந்தபோதே முழுக் கதையும் சொல்லிவிட்டாள்.

"ஒரு வருஷம் பூரா பொம்மை செய்வாங்களாம்க்கா. மூணு மாடி, நாலு மாடி உசரம். மரம், அட்டை, காகிதம். மார்ச் பத்தொம்பதாம் தேதி ராத்திரி அத்தனையும் தெருவுல வச்சுக் கொளுத்திருவாங்களாம். நானும் டேகேர்ல பிள்ளைங்களுக்கு நியூஸ்பேப்பரைக் கிழிச்சுப் பசை போட்டு பொம்மை செய்வேன். கூட இருக்கற ஸ்பானிஷ் டீச்சர்தான் போட்டோ காட்டுனா. அன்னையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

அவர்களுக்காக நான் நன்றாகவே உழைத்தேன். பொம்மைகள் நிற்கும் தெருவிலேயே ஹோட்டல் பிடித்தேன். அந்த ஊரின் பெரிய சாப்பாடு பயேயா. அகலமான தட்டையான சட்டியில் ஆக்கும் சோறு. முயலும் கோழியும் போடுவார்கள், ஹலால் இருக்காது. ஒரு சின்னக் கடைக்கு நாலு ஈமெயில் அனுப்பி, இவர்களுக்கென்று மீனும் காய்கறியும் மட்டும் போட்டுத் தனிச் சட்டியில் ஆக்கித் தரச் சம்மதம் வாங்கினேன். ஸ்பெயின் கான்சுலேட்டில் விசாவும் கிடைத்தது. வியாழக்கிழமை நூவர்க்கிலிருந்து விமானம்.

செவ்வாய்க்கிழமை மதியம் டிக்கெட் கவரை வாங்க மெஹருன்னிசா தனியாக வந்தாள். என் மேஜைக்கென்று நியூஸ்பேப்பரில் செய்த ஒரு பச்சைக் கிளியையும் கொண்டுவந்திருந்தாள்.

"டேகேர்ல சம்பளத்தோட லீவு குடுத்துட்டாங்கக்கா" என்றாள்.

கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"சம்பளமா? நீங்க அங்க வேலையா பார்க்கறீங்க?"

"ஆமாக்கா, அக்டோபர்லேருந்து. ஈ.ஏ.டி. வந்ததுமே சேர்ந்துட்டேன். அன்னைக்கே சொன்னேனே."

"அட்வான்ஸ் பரோல் வாங்கியாச்சா?"

"பரோலா? அது ஜெயில்ல குடுக்கறதுல்ல?"

2. நான் செய்த தப்பு

இப்போது படிக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2007 கோடையில் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணும் வாசல் திடீரென்று திறந்தது. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பாதி அப்போது அப்ளை பண்ணின. அதுவரை எச்-1 வேலை விசாவில் இருந்த கணவனுக்குத் துணையாக, வேலைக்குப் போக முடியாத எச்-4 விசாவில் வீட்டில் இருந்த மனைவிகளுக்கு ஈ.ஏ.டி. என்ற வேலை அட்டை வந்தது. அதைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தால் எச்-4 போய்விடும். அப்புறம், வெளியே போய்த் திரும்பி வர அனுமதிக்கும் அட்வான்ஸ் பரோல் என்ற தாள் கையில் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால், அவளுடைய கிரீன் கார்டு அப்ளிகேஷன் கைவிட்டதாகக் கணக்கு. மெஹருன்னிசாவின் பாஸ்போர்ட்டில் பழைய எச்-4 ஸ்டாம்ப் காலாவதியாகாமல் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் கான்சுலேட்காரர்களும் விசா கொடுத்தார்கள், நானும் ஏமாந்தேன்.

ஏமாந்தேன் என்று சொல்வதுகூட எனக்கு நானே காட்டும் சலுகை. எங்கள் ஆபீஸ் வழக்கம், குடும்பத்துக்கு ஒரு ஃபைல், ஒரு ஃபாரம். கணவரைக் கேட்போம், அவர் சொல்வதை எழுதுவோம், மனைவி பேருக்கு நேரே 'டிபெண்டன்ட்' என்று போடுவோம். அன்றும் அப்படியே போட்டேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்து டேகேர், டீச்சர், பொம்மை என்று அரைமணி நேரம் பேசினாள். நான் அதைப் பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் நானே ஆறு வருடம் எச்-4-இல் இருந்தவள். பேங்குக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும், என்னைக் கேட்காமல் என் வீட்டுக்காரரைக் கேட்கிறார்களே என்று புழுங்கியவள். எனக்கு நடந்ததையே இன்னொருத்திக்கு நான் செய்திருக்கிறேன்.

அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். சண்முகம் சார் பொள்ளாச்சிக்காரர். வெள்ளெழுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஏம்மா கோமதி, பேப்பர் எல்லாம் கஸ்டமர் பொறுப்புன்னு ஃபாரத்துல கையெழுத்து வாங்கியிருக்கோமில்ல? நாம டிக்கெட் விக்கறவங்க. வக்கீலுங்களா?"

"கையெழுத்து ஜாபர் பாய் போட்டதுங்க சார். அந்தப் பொண்ணு போடலை."

நெற்றியில் இருந்த கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கினார். "சரி, போய்ச் சொல்லிரு. தெரிஞ்சுகிட்டே ஏத்தி அனுப்பினா சோறு இறங்காது" என்றார்.

ஜாபர் பாய்க்கு போன் போட்டேன். அவர் கம்பெனி வக்கீலைக் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டார். இனிமேல் அப்ளை பண்ணினாலும் தாள் வர மூன்று மாதமாவது ஆகும். பொம்மைகளோ அடுத்த வாரமே எரியும்.

"தப்பு என்னுது பாய். நான் கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மெஹருன்னிசா டிக்கெட் கவரை மடியில் வைத்து ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். "மச்சான், நீங்க இன்னும் எச்-1லதானே இருக்கீங்க, உங்களுக்கு அந்தத் தாள் வேண்டாமே. நீங்க போயிட்டு வாங்க. போட்டோ எடுத்துட்டு வாங்க, போதும்."

"பேப்பரைக் கிழிச்சு பொம்மை செஞ்சது நானா?" என்றார் ஜாபர் பாய். "நீ பார்க்காத பொம்மையை நான் பார்த்து என்ன பண்றது?"

அவள் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, அந்தச் சாப்பாட்டுக் கடைக்குச் சொல்லிருங்க. நமக்காகத் தனியா ஆக்குறேன்னாங்களே. பாவம், மீன் வாங்கி வச்சுட்டுக் காத்திருக்கப் போறாங்க."

அவர்கள் போன பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

3. இரண்டு ஃபைல்

ஏர்லைன்ஸுடன் சண்முகம் சாரே மல்லுக்கட்டி, டிக்கெட்டை அபராதத்தோடு பிறகு மாற்றிக்கொள்ள வழி பண்ணினார். ஹோட்டலுக்குக் கட்டியது போனது போனதுதான். அதன்பின் பல மாதம் மெஹருன்னிசா ஆபீஸ் பக்கம் வரவில்லை. ஒருமுறை மளிகைக் கடையில் அவளைத் தூரத்தில் பார்த்துவிட்டு, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நாற்பது வயதுப் பெண் செய்கிற காரியமா அது? செய்தேன்.

அடுத்த ஜனவரியில் கதவைத் திறந்துகொண்டு இருவரும் வந்தார்கள். அவள் முதலில் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். அட்வான்ஸ் பரோல்.

"வேற ஏஜென்ட்கிட்ட போயிருக்கலாமே" என்றேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போனா அவங்க புதுசா ஒரு தப்பு பண்ணுவாங்க. நீங்க பண்ணி முடிச்சுட்டீங்க."

ஜாபர் பாய் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் இரண்டு ஃபைல் எடுத்தேன். முதல் ஃபைலில் அவள் பேரை எழுதி, அவளிடமே ஒவ்வொன்றாகக் கேட்டேன். என்ன வேலை, என்ன பேப்பர், எதுவரை செல்லும். நடுவில் பதில் சொல்ல வாயெடுத்த ஜாபர் பாயிடம், "உங்க முறை அடுத்து வருது பாய்" என்றேன்.

4. திரும்பி வந்தவள்

மார்ச் கடைசியில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள். பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினாள்.

"தினம் மதியம் ரெண்டு மணிக்கு ஊருக்கு நடுவுல வெடி போடறாங்கக்கா. பார்க்கறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு. நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது. பரங்கிக்காய்ல இனிப்பு வடை போடறாங்க, நடுவுல ஓட்டை வச்சு. கோரைக்கிழங்கு மாதிரி ஒண்ணை அரைச்சுப் பால் எடுத்து ஜில்லுனு தர்றாங்க. அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரம்மா உங்க போன வருஷ ஈமெயிலை ஞாபகம் வச்சிருந்தாங்க. சோறு அடிப்பிடிச்சாத்தான் அங்க உசத்தி. எங்க வீட்ல பிரியாணி அடிப்பிடிச்சா என் மாமியார் ஒரு வாரம் பேசுவாங்க. அங்க அதைச் சுரண்டறதுக்கு நானும் மச்சானும் சண்டை போட்டோம்."

"எரிச்சப்ப எப்படி இருந்துச்சு?"

"செஞ்சவங்க பக்கத்துல நின்னு அழறாங்கக்கா. நானும் அழுதேன். மறுநாள் காலையில பார்த்தா தெருவைக் கழுவி விட்டுட்டு அடுத்த வருஷத்துப் பொம்மையைப் பத்திப் பேசிட்டிருக்காங்க."

பிறகு பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு முழ உயரத்தில் காகிதப் பொம்மை. மூக்குக் கண்ணாடி, கோணல் வகிடு, காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிய போன். கைக்கு ஒன்றாக இரண்டு ஃபைல். நான்தான். மூக்கு கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் எரிக்கறதுக்கு முன்னாடி ஊர்ஜனங்க ஓட்டுப் போட்டுப் பெரியவங்க பொம்மை ஒண்ணு, பிள்ளைங்க பொம்மை ஒண்ணு எடுத்து வச்சுருவாங்கக்கா. மன்னிச்சு விட்ட பொம்மைன்னு அதுக்குப் பேரு. மியூசியத்துல வச்சிருக்காங்க" என்றாள். "எங்க வீட்ல நானும் மச்சானும் ஓட்டுப் போட்டோம். ரெண்டு ஓட்டும் இதுக்குத்தான்."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

இப்போது எல்லாரும் தாங்களே கம்ப்யூட்டரில் டிக்கெட் போட்டுக்கொள்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் குறைவு. வருகிற ஜோடிக்கு இன்றும் இரண்டு ஃபைல்தான் திறக்கிறேன், முதலில் மனைவியைத்தான் கேட்கிறேன். அவள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தால் அதையும் கேட்கிறேன். பொம்மை என் மேஜையில் கிளிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவசரத்தில் ஒரே ஃபைலோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கை தயங்கும் நாட்களில், அதை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டாவதையும் எடுத்துவிடுவேன்.