ரேடியோ வாயை மூடிய நாள்

அவள் வாயை மூடிக்கொண்டதில் நீதிமன்றத்துக் கடிகாரமே நின்றுவிட்டது. மரத்தில் இருந்த காக்கை கரைவதை விட்டுவிட்டு, ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. சரி, காக்கை என் கைச்சரக்கு. கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். கடிகாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவள் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். வார்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவளைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பிரிவில் பேச்சும் ஒரு மருந்து. அடிபட்டு வந்தவர் கண் செருகினால், "ஐயா, பிள்ளைங்க எத்தனை? மூத்தவன் என்ன படிக்கிறான்? தூங்கிடாதீங்க, என்னைப் பாருங்க" என்று ஓயாமல் கேட்டு முழிப்பில் வைத்திருக்க வேண்டும். பேச்சு அடங்கினால் அங்கே யாருக்கோ ஆபத்து. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குக்கர் சத்தம் நின்றால், அந்த இடத்தை அவள் நிரப்புவாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

ஒரு வீட்டில் தங்கி வேலை பார்த்த சின்னப் பெண் முதுகு வெந்து வந்திருந்தாள். வீட்டுக்காரம்மா கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள் என்றாள் அவள். குளியலறையில் வழுக்கி விழுந்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டாள் என்றாள் வீட்டுக்காரம்மா. பார்த்தவர் யாரும் இல்லை. அன்று டியூட்டியில் இருந்த டாக்டர் வெளிநாட்டு வேலைக்குப் பறந்துவிட்டார். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட ரேடியோ மட்டுமே மிச்சம்.

"அக்கா, நீங்க சொன்னா நம்புவாங்க இல்ல?" என்று கட்டு மாற்றும்போது கேட்டிருந்தாள் அந்தப் பெண்.

"நம்பாம என்ன?" என்று சொல்லியிருந்தாள் ரேடியோ. சொன்ன வாக்கை இப்போது கோர்ட்டில் காப்பாற்றியாக வேண்டும்.

அவளுடைய கொழுந்தன் வக்கீல். கோர்ட்டில் சாட்சி சொல்வது எப்படி என்று டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் சனிக்கிழமைதோறும் வகுப்பெடுக்கிறவன். அந்த வகுப்பிலேயே படுமோசமான மாணவி அவன் அண்ணிதான். அதனால் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தனிப் பயிற்சி. எதிர்த்தரப்பு வக்கீல் கொழுந்தன். நீதிபதி அவள் புருஷன், துவைத்த துணியை மடித்துக்கொண்டே.

"சிஸ்டர், வழுக்கி விழுந்தா முதுகுல சுடுதண்ணி படுமா?"

"படவே படாது!"

"இதுவரைக்கும் விழுந்தவங்க எல்லாரையும் பாத்துட்டீங்களோ?"

"சரி... படலாம்."

அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவளையே பார்த்தான். மின்விசிறி சுற்றியது. அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. "ஆனா அந்தம்மா மூஞ்சியைப் பாத்தாலே தெரியும், ஊத்தற ஆளுதான்!"

"மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ணிட்டீங்க. ரொம்ப நன்றி."

"வீட்டுக்காரம்மாவுக்கு விடுதலை" என்று நீதிபதி ஒரு சட்டையை உதறினார்.

"நீங்க துணியைப் பாருங்க!"

"அண்ணி, நான் கேள்வி கேட்டா உங்களைக் கவுத்தேன்? சும்மா இருந்தே கவுத்துட்டேன். என்ன சொல்லணும்னு நான் சொல்லக் கூடாது. எங்க நிறுத்தணும்னு சொல்றேன். கேட்டதுக்குப் பதில், அதோட பூட்டு."

"படலாம்னு சொல்லிட்டு வாயைப் பொத்திக்கிட்டா அந்தப் பொண்ணு கதி என்ன தம்பி?"

"படலாம்ங்கிறது உண்மைதானே? மிச்சத்தைக் கேக்க அரசு வக்கீலுக்கு இன்னொரு தடவை வாய்ப்பு வரும். டியூட்டி மாத்திக் குடுத்துட்டுப் போறதில்லையா, அப்படி நினைச்சுக்குங்க."

"அவர் கேக்கலேன்னா?"

கொழுந்தன் தண்ணீர் குடித்தான். அந்த மௌனத்தை நிரப்ப மட்டும் அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

கோர்ட்டில் அரசு வக்கீல் முதலில் நாலு கேள்வி கேட்டார். முதுகில் காயம், கழுவினேன், கட்டினேன். அவ்வளவில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, வெண்ணெய்க் குரல்.

"சிஸ்டர், எவ்வளவோ பேரைக் காப்பாத்தின கை உங்களோடது. மனசாட்சிப்படி சொல்லுங்க. வழுக்கி விழுந்தா முதுகுல சுடுதண்ணி படலாம் இல்லையா?"

"படலாம்."

பின்வரிசையில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வக்கீல் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி துடைத்தார்.

ரேடியோவின் தொண்டைக்குள் சொற்கள் முண்டியடித்தன. இவ்வளவு அமைதி அவள் வார்டில் வந்தால் யாரோ போய்க்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். கூண்டுக் கம்பிக்குக் கீழே இடது மணிக்கட்டில் விரலை வைத்தாள். நாடி தறிகெட்டு ஓடியது. ஓடட்டும். ஓடுகிறவரை யாரும் சாகவில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா சிஸ்டர்?" சர்க்கரை தடவிய தூண்டில்.

"கேட்டா சொல்றேன் ஐயா."

அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

நீதிபதி அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். அந்த மனிதர் காகிதத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். நாற்காலியை விட்டு எழுகிற மாதிரி தெரியவில்லை. ரேடியோவின் விரல் மணிக்கட்டில் நகம் பதிய அழுந்தியது. கடைசியில் எழுந்தார்.

"ஒரே கேள்விதான். படலாம்னு சொன்னீங்க. இந்தப் பொண்ணு உடம்புல வேற எங்கெல்லாம் வெந்திருந்தது?"

"வேற எங்கேயும் இல்ல ஐயா. உள்ளங்கை, முழங்கை, கால், எதுலயும் இல்ல. பிடரியில ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் கோடு கோடா இறங்கியிருந்தது."

நீதிபதியே பேனாவை நிறுத்தினார். "அப்படின்னா அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டு இருந்திருப்பாளா?"

ஆமாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. "அது எனக்குத் தெரியாது ஐயா. நான் பாத்தது புண்ணை மட்டும்தான்."

அவள் சொன்னதை நீதிபதி ஒரு சொல் குறையாமல் தட்டச்சருக்குச் சொல்லிப் பதியவைத்தார். தீர்ப்பில் அந்த வரிகள் அப்படியே வந்தன. வீட்டுக்காரம்மா ஜெயிலுக்குப் போனாள். அந்தப் பெண் வார்டுக்கே ஓடிவந்து, "நம்பிட்டாங்க அக்கா" என்றாள். ரேடியோவுக்குப் பேச்சு வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை. ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் முழுக்கதையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எது எப்படியோ, அன்று அவள் மௌனத்தில் கடிகாரம் நின்றது நின்றதுதான் என்று நான் கதையை முடிக்கப் போனால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கொழுந்தன்காரன் குறுக்கே விழுந்தான்.

"பெரியம்மா, கடிகாரம் நின்னது வாஸ்தவம்தான். ஆனா நாங்க உள்ள போறதுக்கு முன்னாடியே அது நின்னுதான் இருந்தது. பேட்டரி மாத்த ஆளில்ல."